நகரத்தின் நடுப்புள்ளி

நகரத்திலேயே அழுக்கான வீடு என் மாமியாருடையது என்று ஊருக்கே அறிவித்தவள் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரே நம்பவில்லை.

என் மாமியாரைத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள அநியாயம் புரியும். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைக்கிறவர் அவர். நம் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் அலமாரியின் மேல்தட்டில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலைப் பார்த்து, பிறகு நம்மைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நாம் போனால் பதிலுக்கு அவரும் வருவாரே; அந்த விரலுக்குப் பயந்தே நான் அவர் வீட்டுப் பக்கம் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்காரர் மட்டும் போவார். எனக்கு ஆபீஸ் வேலை இருக்கும். அதாவது, இருப்பதாகச் சொல்வேன்.

எனக்கு நகரசபையின் வரைபடப் பிரிவில் உத்தியோகம். மக்கள் கைப்பேசியில் புகார் எழுதுவார்கள்: ரோட்டில் குழி, எரியாத விளக்கு, அடைத்த சாக்கடை, துரத்துகிற நாய். அந்தப் புகாரை எல்லாம் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, எந்தப் பகுதியில் எது அதிகம் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. எழுதுகிறவர்கள் முகவரியை ஒழுங்காக எழுதினால் கம்ப்யூட்டரே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். எங்கே எழுதுகிறார்கள்? முகவரிக் கட்டத்தில் 'நம்ம தெருதான்' என்று ஒருவர். 'பெரிய மரத்துக்குப் பக்கத்தில்' என்று ஒருவர். 'உங்களுக்கே தெரியும்' என்று எழுதுகிற மகானுபாவர்கள்தான் அதிகம். எனக்கு எப்படி ஐயா தெரியும்?

தெரியாதவற்றை ஓரமாக ஒதுக்கி வைக்கலாம் என்றால் எங்கள் பிரிவுத் தலைவர் விடமாட்டார். எதைக் கேட்டாலும் "அப்புறம் பாப்போம்" என்பதால் அவருக்கு அப்புறம் சார் என்று பெயர். அவர் அப்புறம் பார்க்காத ஒரே விஷயம் சதவீதம். "புள்ளி இல்லாம ஒரு புகாரும் இருக்கக் கூடாதும்மா. மேல நூறு சதவீதம்னு காட்டணும்" என்றார். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். இடம் தெரியாத புகாரெல்லாம் நகரத்தின் சரியான நடுப்புள்ளியில் விழும். எல்லை மாறினால் நடுப்புள்ளியையும் கம்ப்யூட்டரே புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரே வரி. எழுதி முடித்து எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

அப்போது நடுப்புள்ளி பூங்கா ஏரிக்குள் இருந்தது. ஏரித் தண்ணீரில் நானூறு குழி விழுந்தாலும் யாருக்கு என்ன? வாத்துகள் புகார் எழுதப் போவதில்லை.

பிறகு வடக்கே இரண்டு புறநகர்களை நகரத்தோடு சேர்த்தார்கள். எல்லை விரிந்தது. நடுப்புள்ளி சத்தமில்லாமல் ஏரியை விட்டுக் கரையேறியது. புதியது பழையது என்று தீராத புகார் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டின் சமையலறையில் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா வீட்டுக்கு யாரோ நாய் பிடிக்கிற வண்டியில வந்தாங்களாம்" என்றார். "ஓஹோ" என்று சொல்லிவிட்டு நான் டிவியைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அந்த வரைபடத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டோம். புகார் கூடக் கூட நிறம் சிவக்கும். நாலு பத்திரிகைக்காரர்களை உட்காரவைத்து அப்புறம் சார் பெரிய திரையைக் காட்டினார். ஊர் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக இருக்க, நடுவில் ஒரே இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. "பாத்தீங்களா! ஒரே இடத்துல நானூத்திப் பதினேழு புகார். இதுதான் நம்ம ஊரோட நோய்!" என்று முழங்கினார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கிட்ட போய்ப் பாக்கலாமா சார்?" என்று கேட்டு நானே பெரிதாக்கினேன். தெரு வந்தது. கூரை வந்தது. கூரைமேல் நீலத் தண்ணீர்த் தொட்டி. அதன் மூடியில், காற்றுக்குப் பறக்காமல் இருக்க வைத்த இரண்டு செங்கல். அந்தச் செங்கல்லை மேலே தூக்கி வைத்தது என் வீட்டுக்காரர். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

பெரிதாக்கியதை அவசரமாகச் சிறிதாக்கினேன்.

வெறும் மானப் பிரச்சினை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் என் மாமியார் அந்த வீட்டில் பத்தொன்பது வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மார் காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போவார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள். மாமனார் இறந்த பிறகு அவரை எழுந்து நடமாட வைத்ததே அந்தப் பிள்ளைகளின் கூச்சல்தான். காப்பகத்தின் உரிமத்தை அந்த வெள்ளிக்கிழமை புதுப்பிக்க வேண்டும். புதிய விதி ஒன்று வந்திருந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் தீராத புகார் ஒன்று இருந்தாலும் உரிமம் கிடையாது. அவர் வீட்டில் நானூற்றுப் பதினேழு.

அப்புறம் சாரிடம் ஓடினேன். தப்பு என்னுடையது, இன்றைக்கே புள்ளிகளை எடுத்துவிடலாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தான் ஊருக்கே காட்டியிருக்கோம். உடனே தூக்கினா என்ன நினைப்பாங்க?"

"சார், அது எங்க மாமியார் வீடு."

"அப்ப இன்னும் மோசம். மாமியாருக்காக அழிச்சீங்கன்னு சொல்லுவாங்க. புகார அழிக்கக் கூடாதும்மா. சரியான முகவரி கொண்டு வந்தீங்கன்னா ஒவ்வொண்ணா நகர்த்தலாம்."

"நானூத்திப் பதினேழுக்கும் வெள்ளிக்கிழமைக்குள்ளயா?"

"மத்தத அப்புறம் பாப்போம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தப் படியேறினேன். வாசலில் சாக்கடை அடைப்பு எடுக்கிற ஆள் ஒருவர் நீளக் கம்போடு நின்றுகொண்டிருந்தார். மாமியார் இடுப்பில் ஒரு பிள்ளையோடு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கைப்பேசியை இடுக்கிக்கொண்டு யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

"பெரிய மரம்னா எந்த மரம்? ஊர்ல ஒரு மரமா இருக்கு? பக்கத்துல என்ன கடை இருக்கு, அதச் சொல்லு. சலூனா? சலூன் பேர் என்ன? ஆங், இத மொதல்லயே எழுதறதுக்கு என்ன!" பேச்சை முடித்துவிட்டு அந்த ஆளிடம், "தம்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரெண்டாவது சந்து. சலூனுக்கு எதிர்ல. போ, பாவம், மூணு நாளா அவங்க வீட்டுல தண்ணி நிக்குதாம்" என்றார். பிறகு ஒரு தடிமனான நோட்டில் எதையோ எழுதினார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"வாம்மா. வழி தெரிஞ்சுதா?"

உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இன்னொரு முறை தண்ணீர் குடித்து, "அத்தை, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். நடுப்புள்ளிதானே? நாய் வண்டிக்காரர் சொன்னார். வரைபடப் பிரிவுல யாரோ ஒரு மேடம் போட்ட கணக்காம். நாப்பது நாய் எங்கன்னு கேட்டு வீட்டுக்குள்ள வலையோட நுழைஞ்சுட்டார். பிள்ளைங்களுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு பேர் போய் வலைக்குள்ளயே உக்காந்துட்டாங்க."

"அது நான்தான்னு தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? வந்தாத்தானே சொல்றதுக்கு" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு.

நோட்டை என் மடியில் போட்டார். திறந்து பார்த்தேன். புகாரைப் பார்க்க வருகிற நகரசபை ஆட்களின் சீட்டில் புகார் எழுதியவரின் எண் இருக்கும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உருட்டி மிரட்டி, தெரு, வீட்டு எண், எதிரில் என்ன, பின்னால் என்ன என்று வாங்கி எழுதியிருந்தார். பக்கத்துக்குப் பத்து. கோடு போட்டு, வகை பிரித்து, இருநூற்று அறுபது முகவரி. நான் பட்டம் வாங்கிப் படித்து, ஒரு வரியில் தள்ளிவிட்ட வேலையை இந்த அம்மாள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே செய்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது, அவ்வளவு அழகான கையெழுத்து வேறு.

"மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"நூத்தைம்பத்தேழு."

"அப்ப ஏன் உக்காந்திருக்க? போன எடு."

மூன்று நாள் லீவு போட்டேன். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் குசுகுசுவென்றும், விழித்திருக்கிற நேரத்தில் தொண்டை கிழியவும் பேசினோம். என் புடவையில் மசித்த வாழைப்பழம். என் தலையில் யாரோ ஒட்டிய நட்சத்திரம். ஒரு கிழவர் தன் தெரு விளக்கு எரியவில்லை என்று எழுதியிருந்தார். எந்தத் தெரு என்று கேட்டால், "இருட்டா இருக்கே, அந்தத் தெரு" என்றார். மாமியார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி இரண்டே நிமிடத்தில் அவருடைய முகவரியோடு மூட்டுவலிக் கதையையும் சேர்த்து வாங்கினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

கண்டுபிடித்ததை எல்லாம் அங்கிருந்தே உரிய இடத்துக்கு நகர்த்தினேன். சிவப்பு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெளுத்தது. இனி வருகிற அனாதைப் புகார்களுக்கும் ஒரு புது இடம் பார்த்து வைத்தேன். அது எங்கள் பிரிவில், ஜன்னலை ஒட்டிய தனி அறையின் சுழல் நாற்காலியின்மேல் இருப்பது தற்செயல்தான். வியாழக்கிழமை மதியம் நாய் வண்டிக்காரர் வலையோடு அப்புறம் சாரின் அறைக்குள் நுழைந்ததாகக் கேள்வி.

அன்று மாலை ஒன்றே ஒன்று பாக்கி. எழுதியவர் எண் இல்லை. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. முதலில் ஏரிக்குள் விழுந்து, எல்லை விரிந்தபோது மற்றவற்றோடு சேர்ந்து கரையேறியிருந்தது. திறந்து படித்தேன்.

வகை: காணாமல் போனது.

விவரம்: மருமகள். ஊருக்கெல்லாம் இடம் காட்டுகிறவளுக்கு எங்கள் வீட்டுக்கு வழி தெரியவில்லை.

முகவரி: அவளுக்கே தெரியும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லை விரிவாக்க வேலை தலைக்குமேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் வீட்டில் கால்நீட்டிப் படுத்திருந்த ஞாயிறு. நானூற்றுப் பதினேழில் சரியான இடத்தில் விழுந்திருந்தது இந்த ஒன்றுதான். எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கே மாமியார் இருபத்திரண்டு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது..."

"எழுதினேன். உங்க ஆபீஸ்ல எழுதினா நடவடிக்கை எடுப்பாங்கன்னு போட்டிருந்துச்சு."

"எழுதினவங்க 'தீர்ந்தது'ன்னு அழுத்தினாத்தான் இத மூட முடியும். அழுத்திடுங்களேன். நாளைக்கு ஆய்வு."

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தீர்ந்துச்சா?"

"அத்தை, உரிமம் போயிடும்!"

"போகட்டும். நூறு சதவீதம்னு பொய் சொல்றது உங்க ஆபீஸ் வழக்கம். எனக்கு வேண்டாம்."

கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். அன்று ராத்திரி வரை கெஞ்சியும் அழுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சுகாதார ஆய்வாளர் வந்தார். சிரிக்கத் தெரியாத அம்மாள். தொட்டியைப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார், மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தார். அலமாரியின் மேல்தட்டில் ஒரு விரலை ஓட்டி விரலைப் பார்த்தார். என் மாமியாரின் முகத்தில் அப்படி ஒரு மரியாதை வந்ததை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் ஆய்வாளர் கையிலிருந்த திரையைத் திறந்தார்.

"ஒரு புகார் தீராம இருக்கே." படித்தார். மறுபடி படித்தார். நிமிர்ந்து, தலையில் நட்சத்திரமும் இடுப்பில் பிள்ளையுமாக நின்ற என்னைப் பார்த்தார். "காணாமப் போனது நீங்களா?"

"ஆமாங்க."

ஆய்வாளர் மாமியாரிடம் திரும்பினார். "கிடைச்சாச்சா?"

பத்தொன்பது வருடக் காப்பகம் அவருடைய ஒரு வார்த்தையில் தொங்கியது.

"கிடைச்சிருக்கு" என்றார் மாமியார். "நிலைக்குமான்னுதான் தெரியல."

ஆய்வாளர் யோசித்தார். "தீரவும் இல்ல, தீராமலும் இல்ல. அப்ப 'கண்காணிப்பில் உள்ளது'ன்னு போடறேன். மூணு மாசத்துக்கு உரிமம் தரலாம், அதுக்கப்புறம் நீட்டிக்கலாம். ஆனா சம்பந்தப்பட்ட பிரிவோட ஊழியர் வாராவாரம் நேர்ல வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"எந்தப் பிரிவு?" என்று மாமியார் ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார்.

"வரைபடப் பிரிவு."

அது நடந்து இப்போது ஒரு வருடமாகிறது. நாலு முறை உரிமத்தை நீட்டித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன், கையெழுத்துப் போடுகிறேன், சாப்பிட்டுவிட்டு அவருடைய பழைய சோபாவில் தூங்கிவிட்டு வருகிறேன். வரைபடத்தில் அந்த வீட்டின்மேல் இன்னும் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி இருக்கிறது. போன வாரம் கைப்பேசியை நீட்டி, "இப்பவாவது தீர்ந்ததுன்னு அழுத்தலாமே அத்தை?" என்று கேட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்புறம் பாப்போம்" என்றார்.