பிள்ளையின் காலடியில் பாக்குவெட்டி

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், உச்சிவேளையில் ஆஸ்பத்திரியில் இருந்து வெளிக்கிட்டோம். பனி பஞ்சு பஞ்சாக இறங்கியது. மார்க்கம் வீதியே நித்திரையில் கிடந்தது. நான் இருபது கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினேன். ஊர்ந்தேன் என்பதுதான் சரி. இதற்கு முதல் இரண்டு தரம் இதே வீதியால் வெறுங்கையோடு வந்தவர்கள் நாங்கள்.

பின்னுக்கு, பிள்ளைக்குப் பக்கத்தில் என் மனைவி துஷானி. போர்வைக்குள் பாக்குவெட்டியை வைத்திருந்தாள். பிறந்து முப்பத்தொரு நாளும் பிள்ளைக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால் பேய் பிசாசு அண்டாதாம்.

"உந்தப் பாக்குவெட்டியை டிக்கியில போடு. நான் செக்கியூரிட்டி வேலை செய்யிறவன். ஒளிச்சு வைச்ச ஆயுதம் எண்டு பொலிஸ் கேஸ் எழுதினா என்ர லைசென்ஸ் போயிடும்," என்று காலையில் இருந்து கத்திக் களைத்துவிட்டேன். "கனடாவில என்னடி பேய்?"

"லைசென்ஸ் போனா வேற வேலை எடுக்கலாம்," என்றாள்.

கண்ணாடியில் பொலிஸ் காரின் சிவப்பும் நீலமும் கரைந்து வந்தன. மெதுவாக ஓட்டினதற்கு மறிக்கிறார்கள்! இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

பொலிஸ்காரி குனிந்து காரணம் கேட்டாள். பிள்ளையைக் காட்டினேன். சிரித்தபடி எட்டிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை நெளிய, போர்வை விலகி அலகு தெரிந்தது.

"அது என்ன?" அவள் கை இடுப்புக்குப் போனது.

"நான்தான் வைத்தேன்," என்று நானும் துஷானியும் ஒன்றாகச் சொன்னோம்.

துஷானி அழுதழுது எல்லாம் சொன்னாள். பாக்கு, இரும்பு, போன இரண்டு பிள்ளைகள். பொலிஸ்காரி பாக்குவெட்டியை வாங்கித் திறந்தாள், மூடினாள். அவளுடைய தொப்பியில் பனி சேர்ந்துகொண்டே இருந்தது.

"இதால் யாரையும் வெட்டும் எண்ணம் உண்டா?"

"மனிதரை இல்லை," என்றாள் துஷானி.

பொலிஸ்காரி என் பக்கம் திரும்பினாள். "வேறு ஏதும் ஒளித்து வைத்திருக்கிறீர்களா?"

"ஒன்று இருக்கிறது," என்று சொல்லிவிட்டு, ஜக்கெற் பொக்கெற்றில் இருந்து நாலங்குல ஆணியை மெல்ல எடுத்துக் காட்டினேன்.

"கனடாவில என்ன பேய்?" பின்னால் இருந்து துஷானியின் குரல்.

"எனக்கும் பயம்தானப்பா."

பொலிஸ்காரி பாக்குவெட்டியை என்னிடமே தந்தாள். "கவனமாக வீட்டுக்குப் போங்கள். இதே வேகத்திலேயே போங்கள்."

இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். பாக்குவெட்டியைத் துவாயில் சுற்றிப் பிள்ளையின் காலடியில் வைத்தேன். ஆணியையும் பக்கத்தில் வைத்தேன்.