ஆல் சைடு

கடலூர் முதுநகரில் சுவர் எழுதும் பெயின்டர் ஞானப்பிரகாசத்தின் அடுப்படிச் சுவருக்குள் கடல் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அன்றைக்கு மத்தி கிலோ நூற்றி இருபது, காலையிலிருந்து கரண்ட் இல்லை. அவர் மனைவி சவரிமேரி சுவர்த் தட்டில் இருந்த மிளகாய்த்தூள் டப்பாவுக்காகக் கை நீட்டியபோது கை முழங்கை வரை சுவருக்குள் போய் நனைந்து வந்தது. டப்பா மிதந்து பக்கத்து அறைச் சுவருக்குப் போய்விட்டது. சுவர் விழவும் இல்லை, கரையவும் இல்லை. தரையிலிருந்து நெஞ்சுயரம் வரை கடலாக இருந்தது, அதற்கு மேலே எப்போதும்போலச் சுண்ணாம்பும் பல்லியும் அந்தோணியார் காலண்டரும். தரையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

இதற்குக் காரணம் கீரப்பாளையத்திலிருந்து வந்த இளவரசி என்ற பெண். பரோடாவில் ஓவியம் படித்து, இரண்டு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். அவர் வீட்டில் சொந்தக்காரர்களிடம் கம்ப்யூட்டர் படிப்பு என்றே சொல்லி வைத்திருந்தார்கள். 2050-இல் புயலோடு சேர்ந்து வரும் கடல் எந்த உயரத்துக்கு ஏறும் என்று கணக்குப் போட்டு, ஊரில் நாற்பது சுவர்களில் அந்த உயரத்தில் ஒரு நீலக்கோடு இழுக்க வேண்டும் என்பது அவர் திட்டம். கோட்டைப் பார்த்ததும் ஜனங்கள் பதறுவார்கள், பதறினால் கடலையும் வெயிலையும் பற்றி யோசிப்பார்கள் என்று நம்பினார். இதை அவர் கன்டெம்பரரி ஆர்ட் என்றார். கூலிக்கு வந்த ஞானப்பிரகாசம் கோடு என்றார். ஜனங்கள் பதறவில்லை. கோட்டின் மேல் ஆணி அடித்து பனியன் காயப்போட்டார்கள். டீக்கடையில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் பார்த்தார்கள். ஒரு வீட்டு புரோக்கர் மாடி போர்ஷனுக்கு 'கோட்டுக்கு மேலே, நல்ல காற்றோட்டம்' என்று போர்டு வைத்தார்.

தப்பு நடந்தது கோட்டில் அல்ல, எழுத்தில். ஞானப்பிரகாசம் இருபத்தேழு வருஷமாகக் கட்சிகளுக்குச் சுவர் எழுதியவர். அந்தத் தொழிலில் ஒரே சட்டம்தான்: முதலில் எழுதினவனுக்குச் சுவர். வெள்ளையடித்து, கட்சி பெயரும் வருஷமும் போட்டு, ஓரத்தில் 'ஆல் சைடு' என்று எழுதிவிட்டால் அந்தச் சுவரின் எல்லாப் பக்கமும் அந்தக் கட்சிக்கு. அதன்மேல் வேறு எவனும் பிரஷ் வைத்தால் மண்டை உடையும். ஆகவே நீலக்கோடு போட்டு முடித்ததும் கை தன் பழக்கத்தில் கீழே எழுதிவிட்டது: 'கடல். 2050 வரை. ஆல் சைடு.' இளவரசி அதைப் பார்த்துக் கண் கலங்கி, எல்லாச் சுவரிலும் அப்படியே எழுதச் சொன்னார். முதல் சுவர் ஞானப்பிரகாசத்தின் வீட்டுச் சுவர். வெள்ளோட்டத்துக்கு வேறு யாரும் சுவர் தரவில்லை. கட்சிக்காரர்கள் போலவே கடலும் எழுதின மறுவாரம் வந்து தன் சுவர்களை எடுத்துக்கொண்டது.

ஊர் நான்கு நாளில் பழகிக்கொண்டது. பெயர் சொல்லக்கூடாத ஓர் ஆபீசில் ஊழியர் ஒருவர் நாற்காலியை விட்டு எழாமலே சுவரிலிருந்து இறால் பிடித்தார். மேலே இருந்தவர்களுக்கும் பங்கு போனதால் அதைப்பற்றி ஃபைல் எதுவும் திறக்கப்படவில்லை. பழகிக்கொள்ளாதவர் சவரிமேரி ஒருவர்தான். 2004-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவருடைய பத்தொன்பதாவது வயதில், கடல் இதே நெஞ்சுயரத்துக்கு வீட்டுக்குள் வந்து கட்டிலையும் காகித ஸ்டாரையும் அவர் அப்பாவையும் எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போனதில்லை. மீன் வாங்கும்போதுகூட மீன் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சு எடுக்கக்கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் புருஷனைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கி கேக்காம வந்துச்சு. இன்னிக்கி நீ பத்திரம் எழுதிக் குடுத்து கூட்டியாந்திருக்க."

"கோடுதான் புள்ள போட்டேன்."

"கோடு போட்ட, செரி. ஆல் சைடுன்னு எதுக்குய்யா எழுதின? ரோட்டுப் பக்கம் மட்டும் எழுதியிருந்தா அது ரோட்டோட நின்னிருக்கும்ல?"

அன்றைக்கே சவரிமேரி இரண்டு புடவையையும், மிக்ஸியை விட்டுவிட்டு அதன் ஜாரை மட்டும் எடுத்துக்கொண்டு, குமராட்சியில் மினிபஸ் ஓட்டும் தம்பி ஆண்ட்ரூ வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ஆண்ட்ரூ போன் பண்ணினான். "மாமா, அக்கா சொல்லச் சொல்லிச்சு. ஒண்ணு அது, இல்ல நானுன்னு. அப்புறம் அந்தப் பச்சப் பொடவைய செவுத்துலேர்ந்து தள்ளி வைக்கணுமாம், உப்பு புடிச்சிருமாம்."

ஞானப்பிரகாசம் மூன்று கோட்டிங் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அது நுரையாகத் திரண்டு ஒதுங்கியது. எழுத்தைச் சுரண்டினார், சுரண்டின இடத்தில் எழுத்து இன்னும் நீலமானது. மூன்று மாதம் டீக்கடை பன்னும் கடைச் சட்னியுமாக ஓடியது. அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது சுவரில் நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி இறங்கியது. ஷாம்பு பாக்கெட்டும், ஒற்றைச் செருப்பும், போன தேர்தல் பிளெக்ஸில் பாதி முகமும் மிதந்து போயின. அந்த முகத்துக்கு அவர் வணக்கம் வைத்தார், பழைய பாக்கி மரியாதை. இளவரசி கேமராவோடு வந்தார், அவர் பின்னால் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். கலையால் கடலைக் காப்பாற்ற முடியுமா என்று ஒரு வெள்ளைக்காரி கேட்க, இளவரசி அதைத் தமிழில் சொன்னார். "மொதல்ல என் பொண்டாட்டிய கூட்டியாரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் ஞானப்பிரகாசம். இளவரசி அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, வெள்ளைக்காரி நோட்டில் ரொம்ப நேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்து வைத்திலிங்கம் இளவரசிக்குப் போன் பண்ணினார். கிள்ளை போகும் வழியில் அலையாத்தி மரங்களை வெட்டி, உப்பங்கழி வாய்க்காலைத் தூர்த்து, முக்கால் கிலோமீட்டருக்குக் காம்பவுண்டு எழுப்பி, உள்ளே முதலில் இறால் குட்டையும் பிறகு பன்னிரண்டு ரூம் ரிசார்ட்டும் கட்டியவர். பத்தடிக்கு ஒருதரம் 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதி, எந்தக் கட்சியும் அந்தச் சுவரில் கை வைக்காமல் காப்பாற்றி வந்தவர். சுற்றுச்சூழல் தினத்துக்குப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், ஆகவே சுவர் முழுக்க 'கடலைக் காப்போம்' என்று கன்டெம்பரரியாக, டால்பின் வைத்து வேண்டும் என்றார். இளவரசி போனை வைத்துவிட்டு, ஜெர்மனியில் கற்றுக்கொண்ட ஒரு வார்த்தையைச் சொன்னார். ஞானப்பிரகாசம் மட்டும் முக்கால் கிலோமீட்டரா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

"ஒத்துக்க தங்கச்சி. டால்பின் நான் போடறேன்."

கட்சிகளுக்குள் சுவர் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இந்தக் கட்சி தன் ஆபீசுக்கு எதிர்ச் சுவரைக் கேட்கும், அந்தக் கட்சி பஸ் ஸ்டாண்டுச் சுவரை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கும். பேசி முடிப்பது பெயின்டர்தான். அன்று மத்தியானம் ஞானப்பிரகாசம் அடுப்படிச் சுவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாவட்டச் செயலாளர்களிடம் பேசும் அதே குரலில் பேசினார். "இங்க பாரு. இது பத்தடி செவுரு, எண்ணெப் பிசுக்கு. மத்த முப்பத்தொம்பதும் இப்பிடித்தான். அது முக்கா கிலோமீட்டரு, புதுப் பூச்சு. அதும் யாரு எடம்னு ஒனக்கே தெரியும். இதெல்லாம் உட்டுட்டு அங்க வந்துடு. எனக்கு அவ வரணும், வேற ஒண்ணும் வாணாம்." தண்ணீர் ஒரு சாண் இறங்கி, மறுபடி ஏறியது. யோசிக்க அவகாசம் கேட்கும் கட்சிக்காரர்களும் அப்படித்தான். சாயங்காலம் மிளகாய்த்தூள் டப்பா, மூடி திறக்காமல், மிதந்து தட்டுக்குத் திரும்பி வந்தது.

பதினோரு நாள் வேலை. பட்டப்பகலில், வைத்திலிங்கம் கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டே எழுதினார்கள். "டால்பின் கொஞ்சம் சிரிக்கட்டும்யா" என்றார் வைத்திலிங்கம். "சிரிக்குதுங்களே." "இன்னும்." நடுவில் ஓடும் நீலக்கோடு எதற்கு என்று கேட்டதற்கு, கடல் என்றால் மட்டம் வேண்டுமே என்றார் ஞானப்பிரகாசம். கடைசி டால்பின் வால் ஓரத்தில் எழுதியிருந்ததை வைத்திலிங்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே வாய்விட்டுப் படித்தார். "'கடல். ஆல் சைடு.' இதுக்கு என்னாய்யா அர்த்தம்?"

"கன்டெம்பரரி சார்" என்றார் இளவரசி. வைத்திலிங்கம் தலையாட்டினார். அந்தச் சுவரில் மட்டும் ஞானப்பிரகாசம் வருஷம் போடவில்லை.

ஜூன் ஐந்தாம் தேதி பதினொன்று பத்துக்கு, இரண்டாவது பேச்சாளர் பேசிக்கொண்டிருந்தபோது, கடல் வந்து சுவரை எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை சுவரோடு நிற்கவில்லை. கதவு திறந்த மாதிரி உள்ளே நடந்து போய், தூர்த்த வாய்க்கால் இருந்த தடத்திலேயே திரும்பிப் படுத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விருந்தினர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு முந்திரி கேக் சாப்பிட்டார்கள். டால்பின்கள் மூன்றாம் நாள் சுவரை விட்டுக் கிளம்பிப் போய்விட்டன. சிரிப்பை மட்டும் அவற்றால் மாற்ற முடியவில்லை. வைத்திலிங்கம் போட்ட கேஸ் இன்னும் வாய்தாவில் இருக்கிறது. 'கடலைக் காப்போம்' என்ற ஆர்டரில் அவர் கையெழுத்தே இருப்பதால் யார்மேல் நடவடிக்கை எடுப்பதென்று தெரியவில்லை, கடல் சம்மன் வாங்கவும் இல்லை. அடுத்த வருஷத்துக்குள் ஆறாம் நம்பர் ரூமில் அலையாத்தி கன்று ஏசி உயரத்துக்கு வளர்ந்தது. ரூம்களுக்கு நடுவே இப்போது படகு விடுகிறார்கள். எல்லாம் தன் ஐடியா என்று வைத்திலிங்கம் சொல்லிக்கொள்கிறார்.

அதே பதினொன்று பத்துக்குக் கடலூரில் நாற்பது சுவரும் காய்ந்தன, எழுத்தும் உதிர்ந்தது. சவரிமேரி ஆண்ட்ரூவின் மினிபஸ்ஸில், மடியில் ஜாரோடு வந்து இறங்கினார். அடுப்படிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நெஞ்சுயரம் வரை உப்புப் பூத்திருந்தது, சத்தம் கெட்டியாக இருந்தது. டப்பாவைத் திறந்து முகர்ந்து, காரம் போய்விட்டது என்று அதைக் கொட்டினார். மூன்று வாரம் சமைத்தார், துவைத்தார், தினமும் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நாலாவது ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கேட்டார்.

"எப்பத் திரும்பி வரும்?"

"அதெல்லாம் அது சொல்லாது புள்ள."

"அதான்யா எனக்கு பயம். வர்றது இல்ல, சொல்லாம வர்றதுதான்." பிரஷ்ஷையும் நீல டப்பாவையும் அவரே எடுத்து வந்து வாசலில் வைத்தார். "ரோட்டுப் பக்கம் எழுது. காலையில எந்திரிச்சா எங்க நிக்கிதுன்னு நான் பாத்துக்கணும். ஏறினா எனக்கு மொதல்ல தெரியணும்."

"ஆல்..."

"ஆல் சைடுன்னு எழுதின, கைய ஒடைப்பேன்."

அவர் 'கடல். ஒரு சைடு.' என்று எழுதினார். புதன்கிழமை அது வந்தது, ரோட்டோடு நின்றது. தினமும் வாசல் பெருக்கும்போது சவரிமேரி தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தேதி போடுகிறார். மட்டம் ஏறிய அன்றைக்கு இளவரசிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போன் போகிறது. கலெக்டர் ஆபீசில் அவர் குரல் கேட்டதும் ஸ்கேலைத் தேடுகிறார்கள். சுவருக்கு எதிரே நாலு பூனைகள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கின்றன. தேர்தல் அறிவித்த அன்று, கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு வாளியோடு சுவர் பிடிக்க வந்தார்கள். வாளியை இறக்கி வைத்து, உள்ளே போகும் காலா மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், எழுத்தைப் படித்தார்கள்.

"மொதல்லயே எழுதிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுச் சுவருக்குப் போனார்கள்.