ஒற்றைச் சிப்

எண்பதுகளில் லண்டனில், மோர்டனில் குலவீரசிங்கமும் ஹவுன்ஸ்லோவில் தயாபரனும் ஆளுக்கொரு வீட்டுக் கணினி தயாரித்து, உலகத்தையே மாற்றப் புறப்பட்டார்கள். உலகம் கவனிக்கவில்லை. இரண்டு நிறுவனங்களும் ஒரே வருடத்தில் படுத்தன; பகை மட்டும் நல்ல லாபத்தில் நடந்தது.

போன சனிக்கிழமை விம்பிள்டனில் நடந்த பழைய கணினிக் கண்காட்சியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. குலவீரசிங்கத்தின் கணினியில் ஒரு சிப் கருகியது. அவர் முகம் செத்துப்போயிற்று. தயாபரன் தன் கணினியைத் திறந்து, அதே வகைச் சிப்பைக் கழற்றி நீட்டினார்.

"ஏன் தாறாய்?"

"உன்ர பெட்டி ஓடினால்தானே அது எவ்வளவு மொக்கு எண்டு சனம் பாக்கும்."

கணினி ஓடியது. பக்கத்தில் எதிரியின் திரை இருண்டு கிடக்க, குலவீரசிங்கத்துக்கு வெற்றி ருசிக்கவில்லை. மத்தியானம் சிப்பைக் கழற்றினார்.

"இந்தா, இனி உன்ர கோதாரிப் பெட்டியைப் போடு. சனம் சிரிக்கட்டும்."

மாலைவரை சிப் மேசை மாறிக்கொண்டே இருந்தது.