மந்திரிக்கு நூற்று எண்பது துடிப்பு

மாலை ஐந்து மணிக்குள் அவள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், நாளைக் காலை மந்திரி உயிரோடு இருக்காது.

மந்திரி ஒரு நாய். தீயணைப்பு நிலையத்தின் மீட்பு நாய். இடிந்த கட்டடங்களுக்குள் மனித மூச்சு எங்கே இருக்கிறதென்று மோப்பம் பிடித்து, அந்த இடத்தில் அசையாமல் படுத்துக் காட்டும். இரண்டு வருஷத்தில் ஏழு பேர் அப்படி வெளியே வந்திருக்கிறார்கள். அதற்குப் பயிற்சி கொடுத்தவள் அவள்தான்; வேலை முடிந்தால் அது தங்குவதும் அவள் வீட்டில்தான்.

இரண்டு மாதமாக மந்திரியின் போக்கே சரியில்லை. ஓர் இடத்தில் அரை நிமிஷம் நிற்பதில்லை. குளிர்ந்த தரையிலும் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்தது. தட்டை வழித்து நக்கியும் விலா எலும்பு எண்ணும்படி இளைத்தது. போன வாரம் ஒரு வீரரின் கையைக் கவ்விவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு ஹார்மோன் மூன்று மடங்கு. 'கழுத்தில் புற்றுநோய் இருக்கலாம்' என்று எழுதி அனுப்பினார்கள். நிலைய அதிகாரி அதைப் படித்துவிட்டு, கருணைக்கொலைக்கான தாளை அவள் முன்னால் தள்ளினார்.

"கடிக்கிற நாய், அதுவும் பிழைக்காத நாய். வச்சு என்னம்மா பண்றது? அதையும் வதைக்க வேண்டாம், நம்மளையும் வதைச்சுக்க வேண்டாம்."

"அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க சார். இன்னொரு டாக்டர்கிட்ட ரெண்டு நாளைக்கு முன்னாடியே மந்திரியோட ரத்தத்தைக் குடுத்திருக்கேன்."

"அஞ்சுன்னா அஞ்சுதான்."

மந்திரியும் அவளும் அந்தக் கால்நடை மருத்துவரின் அறைக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேஜை மேல் தேடிக்கொண்டிருந்தார்.

"தலைமேல இருக்கு டாக்டர்."

"தெரியும். அங்கேயே இருக்கட்டும்." ஸ்டெதஸ்கோப்பை மந்திரியின் மார்பில் வைத்தார். "நூத்தி எண்பது. சும்மா நிக்கறப்பவே. ஓட்டப் பந்தயம் முடிச்சுட்டு வந்த மாதிரி துடிக்குது."

கழுத்து ரோமத்தை வழித்துவிட்டு ஸ்கேன் கருவியை ஓட்டினார். வலப்பக்கம். இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். புருவம் சுருங்கியது.

"என்ன டாக்டர், கட்டி பெரிசா இருக்கா?"

"கட்டியே இல்லை."

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சந்தோஷப்படாதீங்க, இன்னும் கதை இருக்கு," என்றார் டாக்டர். "மூச்சுக்குழாய்க்கு ரெண்டு பக்கமும் தைராய்டு இருக்கும். உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு முடிவு பண்றது அதுல ஊறுற ஹார்மோன்தான். இதயம், சூடு, பசி எல்லாம் அது சொல்றபடி கேக்கும். சுரப்பி தானா வேலை செய்யாது. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு மேனேஜர் உக்காந்திருக்கு. அங்கேருந்து உத்தரவு வந்தாத்தான் இங்க உற்பத்தி. ரத்தத்துல சரக்கு கூடினா மேனேஜர் உத்தரவை நிறுத்திடும்."

ஆய்வகத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"மந்திரியோட மேனேஜர் வாயையே திறக்கலை. உத்தரவு ஏறக்குறைய பூஜ்யம். வேலை இல்லாம சுரப்பி ரெண்டும் வத்திப் போய்க் கிடக்கு. ஃபாக்டரிக்குப் பூட்டு போட்டாச்சு. ஆனா ரத்தத்துல சரக்கு மூணு மடங்கு. அப்போ எங்கேருந்து வருது?"

அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

"வெளியிலேருந்து," டாக்டரே சொன்னார். "வீட்டுல யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடறாங்களா?"

"இல்லை."

"என்ன சாப்பாடு?"

"நிலையத்துல குடுக்கிற நாய்த் தீனி மட்டும்தான். எடை போட்டுக் குடுக்கறேன். வெளிச் சாப்பாடு ஒரு துண்டுகூடக் கிடையாது டாக்டர். அது எங்க சட்டம்."

அப்போதுதான் கதவு திறந்தது. அவள் கணவனின் தம்பி, கையில் வண்டிச் சாவியோடு எட்டிப் பார்த்தான். கறிக்கடை வைத்திருப்பவன். அவர்களை இங்கே தன் வண்டியில் கொண்டுவந்து விட்டவனும் அவன்தான்.

"அண்ணி, இன்னும் எவ்வளவு நேரம்?"

மந்திரி அவள் கையிலிருந்த வாரை உருவிக்கொண்டு பாய்ந்தது. அவன் வலது கையை முகர்ந்தது, நக்கியது, வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஐந்து விநாடி அசையவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "தம்பி, இதுக்கு என்ன குடுக்கறீங்க?"

"நானா? ஒண்ணும் இல்லையே."

"நாய் பொய் சொல்லாது. நீங்க சொல்றீங்க."

அவன் அண்ணியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "திட்டக் கூடாது அண்ணி. நீங்க போடற தீனி ஜல்லி மாதிரி இருக்கு. ஏழு உசுரைக் காப்பாத்தினவனுக்கு ஜல்லியா? மனசு கேக்கலை. தினமும் சாயங்காலம் நம்ம வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் கறி. நல்லா வேக வச்சுதான்."

"கறியில எந்த இடம்?" டாக்டரின் குரல் வேகமெடுத்தது.

"மாட்டுத் தொண்டை. யாரும் வாங்க மாட்டாங்க, கழிவாப் போகும். முன்னாடி அறுக்கிற இடத்துலயே சுத்தம் பண்ணி அனுப்புவாங்க. ரெண்டரை மாசமா வேற இடத்துல எடுக்கறேன். அவங்க அப்படியே முழுசா அனுப்பறாங்க."

"வண்டியில இருக்கா?"

இருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் எஃகுத் தட்டுக்கு வந்தது. டாக்டர் கையுறை மாட்டி, கத்தியால் சவ்வை விலக்கினார். வெளுத்த குழாயின் ஓரத்தில், கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக ஒரு சதை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் தைராய்டு. மாட்டோடது. வேக வச்சாலும் இதுல இருக்கிற ஹார்மோன் அழியாது. தினமும் ஒரு மாட்டோட சரக்கை ஒரு நாய் ரத்தத்துல கொட்டியிருக்கீங்க."

கறிக்கடைக்காரன் சுவரில் சாய்ந்துவிட்டான். நெற்றியில் வியர்வை. அதைத் துடைத்த விரல்கள் நடுங்கின. டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வாட்சைப் பார்த்தார்.

"நூத்திப் பதினாறு. தம்பி, நீங்களும் சாப்பிட்டீங்களா?"

"வீணாகக் கூடாதேன்னு... கொஞ்சம் அரைச்சு உருண்டை பிடிச்சு..."

"அடப்பாவி," என்றாள் அண்ணி. "எட்டுக் கிலோ இளைச்சதுக்கு ஜிம்முக்குப் போறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே."

"ஜிம்முக்கும் போனேன் அண்ணி. ரெண்டு நாள்."

"நாளைக்கே மனுஷ டாக்டரைப் பாருங்க," என்ற டாக்டர், கடகடவென்று ஒரு கடிதம் எழுதினார். "இதை உங்க அதிகாரிகிட்ட குடுங்க. நாலு வாரம் கேட்டிருக்கேன். தொண்டையை நிறுத்தினா ஹார்மோன் தானா வடியும். மேனேஜர் முழிச்சுக்கும், ஃபாக்டரி திறக்கும்."

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அந்தக் கடிதம் அதிகாரியின் மேஜையில் இருந்தது. இரண்டு தடவை படித்தார்.

"மச்சினர் செல்லம் குடுத்ததுலயா இவ்வளவும்?"

"கொழுந்தன் சார்."

"எவனோ ஒருத்தன்." கருணைக்கொலைத் தாளை இழுப்பறைக்குள் போட்டார். "நாலு வாரம். அன்னிக்குச் சோதனை வைப்பேன். ரெண்டு நிமிஷம் அசையாம படுக்கணும். படுக்கலைன்னா நாயை வேலையிலேருந்து நீக்கிடுவேன். சம்மதமா?"

"சம்மதம் சார்."

முதல் வாரம் மந்திரி ஊளையிட்டது. தீனித் தட்டைக் கவிழ்த்தது. வீட்டுப் பின்பக்கக் கதவருகே போய் உட்கார்ந்து கொழுந்தனுக்காகக் காத்தது. அவன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. போனில் மட்டும், "என்னைக் கேட்டானா அண்ணி?" என்று விசாரித்தான். இரண்டாம் வாரம் துடிப்பு நூற்று நாற்பது. மூன்றாம் வாரம் இரைப்பு நின்றது, மதியத்தில் தூக்கம் வந்தது. நான்காம் வாரம் ஆய்வகத் தாளில் ஹார்மோன் இயல்புக்குத் திரும்பியிருந்தது. துடிப்பு தொண்ணூற்றாறு. ரத்தம் மாறியது சரி, பழைய வேலை நினைவிருக்கிறதா என்பதைத் தாள் சொல்லாது.

பயிற்சி மைதானத்தில் உடைந்த கான்கிரீட் குவியல். அடியில் எங்கோ ஒரு வீரர் ஒளிந்திருந்தார். அவள் வாரை அவிழ்த்தாள்.

மந்திரி குவியலை ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் ஒரு பிளவின் ஓரம் மூக்கை வைத்தது. வால் ஒரு தடவை ஆடியது. படுத்தது.

அதிகாரி ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினார். இன்னொருவர் காலி டிரம்மைப் பக்கத்திலேயே தடதடவென்று தட்டினார். தண்ணீர் வண்டியின் சைரன் அலறியது. மந்திரியின் காது மட்டும் திரும்பியது.

ஒரு நிமிஷம். ஒன்றரை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டு," என்றார் அதிகாரி. பேனாவை எடுத்து 'பணிக்குத் தகுதி' என்று எழுதினார்.

எழுந்து வா என்று சொல்ல வேண்டியது அவள்தான். சொல்லவில்லை. கண் நிறைந்து எதிரே எல்லாம் மங்கலாகத் தெரிய, நின்றுகொண்டே இருந்தாள். மூன்றாவது நிமிஷமும் ஓடியது. மந்திரி படுத்தே இருந்தது.

"அம்மா தாயே, கூப்பிடுங்க," என்று குவியலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."