போட்டுக்கட்டுமா?

அண்ணிக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டவருக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினாள். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.

எல்லாம் நாத்தனாரால் வந்தது. புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கியவள், காலையில் வாசலில் செருப்பை மாட்டியபடி, "அண்ணி, ஹாஸ்டல்ல ரூம் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டாள்.

என்ன குறை வைத்தோம்? அடுப்படிப் பக்கம் விட்டதுண்டா, ஒரு டம்ளரைக் கழுவ விட்டதுண்டா? உள்ளங்கையில் வைத்துத் தாங்கியாயிற்று. இனி சொந்தக்காரர்கள் வாயை மூடமுடியுமா? அண்ணிக்காரி விரட்டிவிட்டாள் என்றுதான் பேசுவார்கள். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில், அவள் இல்லாத வீட்டை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

இந்த லட்சணத்தில் வீட்டுப்பாடம் வேறு. பாதியில் விட்ட படிப்பை இந்த வயதில் மாலை வகுப்பில் தொடர்கிறாள். சமூகவியல். "எழுதாத விதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. மீறினா உடனே தெரியும்" என்பார் டீச்சர். அதற்காக, யாரிடமும் சொல்லாமல் சொந்த வீட்டில் ஒரு மாலை விருந்தாளியாக நடந்துகொள்ள வேண்டுமாம்.

கடை விட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள். "உள்ள வரலாமா?"

சோபாவில் இருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். மகள் கைபேசியைக் கீழே வைத்தாள்.

"இங்க உக்காரட்டுமா? ஃபேன் போட்டுக்கட்டுமா? குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

வீட்டுக்காரர் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. "இப்ப என்ன ஆச்சு? உங்க அக்காவுக்கு நான் போன் பண்ணலைன்னு கோபமா? தப்புதான், இப்பவே பண்றேன்."

"அம்மா, திட்டணும்னா திட்டிடு. இப்படிப் பேசாதே, பயமா இருக்கு" என்றாள் மகள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அண்ணிக்குச் சிரிப்பு முட்டியது. வகுப்பில் நாளை தூள் கிளப்பிவிடலாம்.

அப்போது உள்ளறைக் கதவருகே நாத்தனார் வந்து நின்றாள். "அண்ணா, தலை வலிக்குது. டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா?"

"குறைச்சுக்கோ பாப்பா" என்றார் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல். மகளும் தன்பாட்டுக்குக் கைபேசியை எடுத்துக்கொண்டாள். யாரும் பதறவில்லை.

அண்ணியின் சிரிப்பு அடங்கிப்போனது. ஜன்னலைத் திறக்கட்டுமா, குளிக்கப் போகட்டுமா, லைட்டை அணைக்கட்டுமா. வந்த நாளாக இவள் பேச்சே இப்படித்தானே? நான் பேசினால் வீடு கதிகலங்குகிறது, இவள் பேசினால் அடக்கமான பெண் என்று மெச்சுகிறோம். அண்ணிக்கு அவமானமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எதையாவது செய்தாக வேண்டும்.

"ஏய், இங்க வா" என்று அதட்டினாள். நாத்தனாரை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "மனுஷி நாள் முழுக்க நின்னுட்டு வந்திருக்கேன், வேடிக்கை பாக்குறியா? போய் எல்லாருக்கும் டீ போடு. உங்க அண்ணனுக்குச் சர்க்கரையை அள்ளிக் கொட்டினே, தொலைச்சுடுவேன்."

நாத்தனார் திகைத்து நின்றாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "உங்களுக்கு ஸ்ட்ராங்காவா அண்ணி?" என்று கேட்டபடி ஏறக்குறைய ஓடினாள்.

அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. அண்ணி காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். ஹாஸ்டலாவது மண்ணாவது, பார்த்துவிடலாம்.

அடுப்படியில் ஓர் அலமாரி திறந்து மூடியது. இன்னொன்று திறந்தது. அதுவும் மூடியது. டப்பாக்கள் உருண்டன.

"அண்ணி," என்று தயங்கித் தயங்கிக் குரல் வந்தது, "சர்க்கரை எங்க இருக்கு?"

அவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மேல் தட்டில் நீல டப்பா என்று சொல்ல வாயெடுத்த அண்ணிக்கு அழுகைதான் வந்தது.