லிஃப்ட் கதவுக்கு ஓர் ஆப்பு

அலெக்சாந்திரியா ஆம்புலன்ஸ்காரர்கள் நடுவே ஷவ்கியின் கால்சட்டைக்கு அவரைவிடப் புகழ் அதிகம். அவர் நின்ற பிறகும் அது இரண்டடி நடந்துதான் நிற்கும் என்பார்கள். அத்தனை பைகள், அத்தனை சாமான். சர்க்கரை இறங்கி மயங்குகிறவனுக்குப் பேரீச்சம்பழம் இருக்கும். நோயாளியைப் பார்த்துத் தானும் விழுகிற மச்சானுக்கு எலுமிச்சை இருக்கும். கத்தரிக்கோலை நாயைக் கட்டுவதுபோல் கயிறு போட்டு இடுப்பில் கட்டியிருப்பார். ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஒருமுறை "கொஞ்சம் குடுங்க" என்று வாங்கினால் அந்தக் கத்தரிக்கோல் அடுத்த பிறவியில்தான் திரும்பும். இவை எல்லாவற்றுக்கும் ராஜா, தச்சனிடம் சொல்லிச் செய்த ஒரு மர ஆப்பு. ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் இன்னும் தாத்தா காலத்துக் கம்பிக்கூண்டுதான். கதவு திறந்திருந்தால் நகராது. மூடினால் போச்சு, எவன் பொத்தானை அழுத்துகிறானோ அவனிடம் ஓடிவிடும். ஆப்பைக் கதவடியில் செருகிவிட்டு நோயாளியைத் தூக்கப் போனால், திரும்பி வரும்வரை கூண்டு அங்கேயே நிற்கும்.

புதிதாக வந்த மேலதிகாரி டாக்டர் லம்லூமுக்கு இது பிடிக்கவில்லை. காலையில் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி, பைகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டச் சொன்னார். ஷவ்கி கொட்டி முடிப்பதற்குள் தொட்டி நிறைந்து இன்னொன்று கொண்டுவர வேண்டியதாயிற்று.

"இது என்னய்யா மருந்து?" என்று ஆப்பைத் தூக்கிப் பிடித்தார் லம்லூம்.

"கதவுக்குக் குடுக்கற மருந்து, பாஷா."

"ஆம்புலன்ஸ்காரன் பைல அரசாங்கம் குடுத்தது மட்டும்தான் இருக்கணும். இந்தா சுற்றறிக்கை. எப்பவும் கையில வெச்சுக்க."

ஆக, அன்று மதியம் ஷவ்கியின் பையில் இருந்த ஒரே சாமான் அந்தச் சுற்றறிக்கைதான்.

மதியம் வந்த அழைப்பு இப்ராஹிமிய்யா வட்டாரத்திலிருந்து. ஏழாவது மாடி, நெஞ்சுவலி. ஓட்டுநர் ஹனபியும் ஷவ்கியும் மேலே போனபோது பஹ்கத் பே பொன்முலாம் பூசிய சோபாவில் சாம்பல் நிறத்தில் சாய்ந்திருந்தார். அந்த ஊரில் பெரிய மனிதரை 'பே' என்பார்கள், அவர் வீட்டம்மாவை 'ஹானிம்' என்பார்கள். ஷவ்கி ஈசிஜி எடுத்துப் பார்த்தார். மாரடைப்பேதான். மாத்திரை கொடுத்தாயிற்று, ஆக்சிஜன் வைத்தாயிற்று. இனி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மனிதர் ஓரடிகூட நடக்கக் கூடாது. படிக்கட்டில் தூக்கலாமென்றால், அது நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி இறங்கியது. அதுவும் சும்மாவா? நாலாவது மாடியில் யாரோ ஒரு வாஷிங் மெஷினையே குடிவைத்திருந்தார்கள். லிஃப்ட்டை விட்டால் வழியில்லை.

லிஃப்ட் ஏழில்தான் நின்றது. இரண்டு பேரும் நோயாளியைத் தூக்கப் போனால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை. வாயில்காரர் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மனைவி நாஸ்லி ஹானிம் கணவர் கையைப் பிடித்தவர், கிரேன் கொண்டு இழுத்தாலும் விடமாட்டார்.

ஷவ்கி பழக்கதோஷத்தில் பையில் கை விட்டார். சுற்றறிக்கை வந்தது. மடித்து, இன்னும் மடித்து, கதவில் செருகினார். கதவு அதைக் கொசுவை நசுக்குவதுபோல் நசுக்கியது. அடுத்த நொடி கீழே எவனோ பொத்தானை அழுத்த, கூண்டு கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கிப்போனது.

"அரசாங்கம் குடுத்ததாச்சே, எவ்வளவு நல்லா வேலை செய்யுது பாரு" என்றார் ஹனபி.

"வாயை மூடிட்டு நாற்காலியை விரி."

கம்பிக் கதவைத் தட்டித் தட்டி "லிஃப்ட்! லிஃப்ட்டை விடுங்க!" என்று கத்தி, ஒருவழியாக அதை மேலே வரவழைத்தார். இந்த முறை தன் வலது பூட்ஸைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தார். மலைமாதிரி பூட்ஸ் அது, ரயிலையே நிறுத்தும். நிம்மதியாக உள்ளே போய் நோயாளியைத் தூக்கும் நாற்காலியில் வைத்து வாரைக் கட்டினார்கள். வாசலுக்கு உருட்டி வந்தால் லிஃப்ட் இல்லை.

பூட்ஸ் மட்டும் எதிர்வீட்டு வாசலில், மற்றச் செருப்புகளோடு வரிசையாக, நாடாவை உள்ளே செருகி, அழகாக வைக்கப்பட்டிருந்தது.

எதிர்வீட்டுக் கதவில் இருந்த கிழவர் பெருமையாகச் சிரித்தார். "உங்க பூட்ஸ் லிஃப்ட் கதவுல மாட்டிக்கிச்சு தம்பி. எடுத்து வெச்சுட்டேன். கதவையும் சாத்தி அனுப்பிட்டேன்."

"ஏன்யா சாத்துனீங்க?"

"என்ன கேள்வி இது? எங்க கட்டடத்துல லிஃப்ட் கதவைத் திறந்துபோடற ஆளே கிடையாது. பஹ்கத் பே உத்தரவு."

நாற்காலியில் இருந்தவர் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து கண்ணைத் திறந்தார். அப்போதுதான் ஷவ்கிக்குப் புரிந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் சாட்சாத் நோயாளியேதான். வருஷக்கணக்காகப் படிக்கட்டில் காவல் நின்று, கதவைத் திறந்துபோட்டவனை வாசலுக்கு வாசல் துரத்தித் திட்டி, கட்டடத்தையே பழக்கிவைத்திருந்தார். பூனைகூட லிஃப்ட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பி நின்று வாலால் கதவைத் தள்ளும் போலிருந்தது.

ஷவ்கி படிக்கட்டு ஓரம் எட்டிப் பார்த்துக் கத்தினார். "நோயாளி இருக்காரு! லிஃப்ட்டை ஏழுக்கு அனுப்புங்க! கதவைத் திறந்தே பிடிங்க!"

"முதல்ல கதவைச் சாத்துங்க, தானா வரும்!" என்று மூன்றாம் மாடிக் குரல்.

"தர்பூசணி இறக்கிட்டிருக்கோம், ஒரு நிமிஷம்!" என்று ஐந்தாம் மாடி.

"எவன்டா அவன் திறந்து வைக்கச் சொல்றது? பேகிட்ட சொல்லிடுவேன்!" என்று இன்னொன்று.

கூண்டு மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே ஊஞ்சலாடியது. ஒவ்வொருவரும் இறங்கியதும் பவ்யமாகக் கதவைச் சாத்தினார்கள். சாத்தச் சாத்த அடுத்தவன் இழுத்துக்கொண்டான். ஷவ்கிக்குத் தலைமயிரை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நோயாளியின் நாடியைத் தொட்டார். எலி ஓடுவதுபோல் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

அவர் குனிந்து சொன்னார். "பே, நான் சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க."

பே தலையை ஆட்டினார். "ஒரு தடவை... விட்டா... கெட்டுப்போயிடுவாங்க."

"நீங்க போயிடுவீங்க, பே!"

"ஒழுங்குன்னு... ஒண்ணு இருக்கு."

"ஹானிம், நீங்களாவது சொல்லுங்களேன்!"

நாஸ்லி ஹானிம் கணவர் காதருகே போனார். கொஞ்சுவார் என்று ஷவ்கி நினைத்தார். "பஹ்கத், உன் லிஃப்ட்டுக்காக நான் விதவையாகணுமா? வாயைத் திற. இல்லேன்னா நீ போன மறுநாளே அந்தக் கதவைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுடுவேன்."

அதே நேரம் வலி மறுபடி வந்து அவரை முறுக்கியது. உதடு நீலமாயிற்று. முதல்முறையாக அவர் கண்ணில் பயம் தெரிந்தது. முகமூடியை விலக்கினார், ஷவ்கி நாற்காலியைப் படிக்கட்டு ஓரம் சாய்த்துப் பிடித்தார். மெல்லிய குரல்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு நடுங்கிப் பழகிய கட்டடம், ஏழு மாடிக்கும் கேட்டது.

"கதவை... திறந்தே வையுங்க. பரவாயில்லை."

ஐந்தாம் மாடியில் தர்பூசணி இறக்குவதுகூட நின்றது. அப்புறம் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பெண் குரல் வானத்தைக் கிழித்தது.

"ஐயோ, பே போயிட்டாரே! திறந்தே வைக்கச் சொல்றாரே! புத்தி தெளிவா இருந்தா சொல்வாரா?"

மூன்றாம் மாடி அழுதது. நான்காம் மாடி அதைவிட உரக்க அழுதது. துக்கம் விசாரிக்க முதல் ஆளாகப் போய்ச் சேர வேண்டுமென்று ஐந்து பேர் லிஃப்ட்டுக்குள் அடைந்துகொண்டார்கள். கூண்டு அத்தனை அழுகையையும் ஒரு தர்பூசணியையும் சுமந்துகொண்டு நேராக ஏழில் வந்து நின்றது.

ஷவ்கி கதவைத் திறந்து, ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டார். "அப்புறம் அழுங்க! இப்ப நகருங்க!" தர்பூசணிக்காரன் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தான். பே அவனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த பழம் விழுந்து உடைந்தது.

நாற்காலி உள்ளே போயிற்று. ஹனபி பின்னால் ஒட்டிக்கொண்டார். ஷவ்கி ஒற்றைப் பூட்ஸோடு தர்பூசணிச் சாற்றில் வழுக்கி உள்ளே விழுந்தார். நாஸ்லி ஹானிமுக்கு இடமில்லை. அவர் படியில் பாய்ந்த வேகத்தில் வாஷிங் மெஷின் தானாக ஒதுங்கியிருக்கும்.

கூண்டு இறங்கியது. ஒவ்வொரு மாடியிலும் கம்பி வழியாகப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு நின்றார்கள். "எங்க தங்கமே! எங்க சிங்கமே! எங்களுக்கு ஒழுங்கு சொல்ல இனி யாரு இருக்கா?"

பே முகமூடியை நகர்த்தி, கழுத்தை நீட்டினார்.

"படுங்க பே! கழுத்தை அசைக்காதீங்க!"

"இரு. நாலாம் மாடிக்காரன் அழல. பாத்தியா? சும்மா கையைக் கட்டிட்டு நிக்கறான்."

"பே, உங்களுக்கு மாரடைப்பு!"

"எனக்குத் தெரியும்யா. கொஞ்சம் மெதுவா இறங்கச் சொல்லு. ரெண்டாம் மாடி இன்னும் பாக்கி இருக்கு."