ஒரு காசு இடைவெளி

ரிப்பன் வெட்டியாயிற்று. அலுமாரிதான் திறக்கவில்லை.

பெற்றீசியா இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். குவைத்திலிருந்து கட்டுநாயக்கா, அங்கிருந்து கொழும்பு, கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி கொட்டகலை என்று வந்து சேர்ந்த களைப்பில் தனக்குத்தான் பலமில்லை போலும் என்று நினைத்து, ஒரு காலைப் பின்னுக்கு ஊன்றி மறுபடி இழுத்தாள். அலுமாரி மொத்தமாக அவளை நோக்கி ஓரடி நடந்து வந்ததே தவிர, கதவுகள் அசையவில்லை. அவளைப் பார்க்க, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் கூடியிருந்த சனம் அதுவரை பவ்வியமாகத்தான் நின்றது. அவள் புருஷன் மைக்கல் கணக்கப்பிள்ளை ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை, சவுக்கு மரத்தை எப்படித் தெரிவு செய்வது என்பதிலிருந்து வார்னிஷ் எந்தப் பக்கமாக இழுப்பது என்பது வரை ஒரு சிற்றுரை ஆற்றியிருந்தார். அந்த உரைக்குப் பிறகு திறக்காத அலுமாரியைப் பார்ப்பதென்றால் யாருக்குத்தான் பவ்வியம் நிற்கும்?

"வாயத் தொறந்தா மூடாத மனுசன் செஞ்ச அலுமாரி, மூடுனா தொறக்காதாம்!" என்றாள் அடுத்த காம்பராவில் இருக்கும் ராக்காயி.

லயம் முழுக்கச் சிரித்தது. பெற்றீசியாவும் சிரித்தாள். மைக்கல் கையிலிருந்த கத்தரிக்கோலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஈரம். கொஞ்சம் ஊதியிருக்கு. ரெண்டு நாளையில சரியாப் போயிரும்" என்றார்.

ஜூன் மாதத்தில் கொட்டகலையில் இரண்டு நாளில் சரியாகப் போவது எதுவும் கிடையாது. துவைத்த சட்டை ஒரு கிழமைக்குப் பிறகும் துவைத்த சட்டையாகவே கொடியில் தொங்கும். தீக்குச்சி பற்றாது. மலையை மூடிய பனிமூட்டம் கதவு திறந்திருந்தால் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாததல்ல. ஊருக்கெல்லாம் சொன்னவரே அவர்தான்.

மைக்கல் தொழிலால் தச்சர் அல்ல. கொழுந்து எடுக்கும் பெண்களுக்குப் பின்னால் நடந்து, "முத்தல் இல்லாம எடு, பாத்து எடு" என்று சொல்வது அவர் உத்தியோகம். சொல்வதுதான் உத்தியோகம், செய்வதல்ல. மனைவி வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போன பிறகு வீட்டில் சொல்வதற்கு ஆளில்லாமல் போயிற்று. முதல் மாதம் ரேடியோவுக்குப் பதில் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் மாதம் முக்காலி ஒன்றின் கால் கழன்றது. அதைத் தானே மாட்டினார். அது நின்றது. வினை அங்கேதான் தொடங்கியது. ஹட்டனுக்குப் போய் ஒரு சீவுளி வாங்கி வந்தார். பிறகு உளி, வாள், மூலைமட்டம், ரசமட்டம். பெற்றீசியா பெட்டியில் போட்டு அனுப்பிய மின்சாரத் துளைக்கருவி வந்து சேர்ந்தபோது, மாதா படம் போட்ட கலண்டர் தொங்கிய சுவரைக் காலி செய்து, ஆயுதங்களை வரிசையாக ஆணியில் மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்பு மையால் சுவரில் கோடு போட்டு வரைந்துவைத்தார். எது எங்கே இருக்க வேண்டும் என்று சுவருக்கே தெரிய வேண்டுமாம். அந்தத் துளைக்கருவியை முடுக்கினால் லயத்தின் எல்லா பல்பும் மங்கும். "டீவியில கல்யாணம் நடக்குது, மாப்புள மொகம் சுருங்குது, நிப்பாட்டுங்கண்ணே!" என்று ராக்காயி சுவரைத் தட்டுவாள்.

ஆயுதம் வைத்திருக்கும் தனி மனிதனுக்கு ஆலோசனை சொல்லாமல் இருக்க முடியாது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வாசலில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். வீட்டில் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து ஆண்கள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்தவர்கள் போல எதிரில் நிற்பார்கள். திருகாணியை மரத்தில் ஏற்றுவதற்கு முன்னால் சோப்பில் ஒரு தேய் தேய்க்க வேண்டும். ஓரத்தில் ஆணி அடிப்பதென்றால் ஆணி முனையைச் சுத்தியலால் மழுக்கிவிட்டு அடி, மரம் பிளக்காது. ஆயுதப் பெட்டிக்குள் காய்ந்த தேயிலைத் தூளைத் துணியில் முடிந்து போட்டுவை, ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், உளி துருப்பிடிக்காது. இப்படிப் போகும். எல்லாம் நல்ல யோசனைகள்தான். சொல்லும் தோரணைதான் ஏதோ பாப்பரசர் மடல் வாசிப்பது போல இருக்கும். எல்லாவற்றுக்கும் உச்சமாக ஒன்று உண்டு.

"கதவு செஞ்சா ஒரு காசு எடைவெளி விடணும். ஒரு ரூபா காசு உள்ள போயி வரணும். மரம் மழைக்குச் சாப்புடும், வெயிலுக்குப் பட்டினி கெடக்கும். சாப்புட்டா வயிறு பெருக்க எடம் வேணும்ல?"

அப்படிச் சொன்ன மனிதன் தன் சொந்த அலுமாரியில் ஒரு தாள் நுழையவும் இடம் விடவில்லை.

காரணம் ஒரு போட்டோ. குவைத்து மேடத்தின் படுக்கையறையில் பெற்றீசியா நிற்கிறாள். மேடம் கொடுத்த பழைய கவுன் தோளில் சரிந்து நிற்கிறது. பின்னால் சுவர் நீளத்துக்கு ஓர் அலுமாரி. வெள்ளை வெளேரென்று, கதவும் கதவும் சேரும் இடமே கண்ணுக்குத் தெரியாமல், கல்யாணக் கேக்கு போல மழமழவென்று இருக்கிறது. அவள் ஒரு கையை அதன்மேல் வைத்திருக்கிறாள். வைத்திருக்கிறாள் என்றால் சாய்ந்து அல்ல. விரல் நுனியால், அடுத்த வீட்டுக் குழந்தையைத் தொடுவது போல. மைக்கல் அந்தப் போட்டோவை மாதக்கணக்கில் பார்த்தார். ஆட்கள் கேட்டால் அலுமாரியைப் பார்ப்பதாகச் சொல்வார்.

மாசி மாதத்து வறண்ட குளிரில், மரம் சுருங்கிக் கிடந்த நேரத்தில் கதவுகளைச் செய்தார். இரண்டும் சேரும் இடத்தைச் சீவிச் சீவி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைத் தாளை நுழைத்துப் பார்த்து, அது நுழையாததைக் கண்டு திருப்திப்பட்டார். அவருடைய கணக்கு எளிமையானது. சூட்கேஸ் போகிறவர்களுடைய சாமான். அலுமாரி இருக்கிறவர்களுடையது. அதிலிருந்து இதற்குத் துணிகள் மாறிவிட்டால் போதும். போகாதே என்று வாயால் கேட்க வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் வராது. அதை அலுமாரி கேட்டுவிடும் என்று நம்பினார்.

அலுமாரியோ வாயை இறுக்கிக்கொண்டு நின்றது.

அவள் கொண்டுவந்த நீலச் சூட்கேஸ் அதன் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையின் மேல் கிடந்தது. காலையில் பெற்றீசியா அதன் சிப்பைச் சர்ரென்று இழுத்து, அன்றைக்கு உடுக்க ஒன்றை எடுத்து, மறுபடி சர்ரென்று மூடுவாள். அடுப்புக்கு மேலே காயவைத்த துணியை மாலையில் மடித்து மறுபடி உள்ளே வைத்து மூடுவாள். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் மைக்கல் ஏதாவது ஓர் ஆயுதத்தை எடுத்துத் துடைப்பார். லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளைக் கேட்டார்கள்: "எப்ப திரும்ப போறீங்க அக்கா?" லீவில் வந்தவள்தான். திரும்பிப் போகும் டிக்கெட்டும் அந்தச் சூட்கேஸில்தான் இருந்தது. "பாப்போம்" என்றாள். மைக்கலிடம் அதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக அலுமாரிக்கு வைத்தியம் பார்த்தார். கதவிடுக்கில் மெழுகுதிரி தேய்த்தார். கரிச் சட்டியைப் பக்கத்தில் வைத்து மூட்டம் போட்டார். மரம் காயவில்லை, வீடுதான் இருமியது. பெற்றீசியா கொண்டுவந்த தலைமயிர் காயவைக்கும் மெஷினை எடுத்து ஒரு பின்னேரம் முழுக்கக் கதவுக்கு ஊதினார். லயம் இருண்டது. ராக்காயி இந்தத் தடவை சுவரைத் தட்டவில்லை, நேரிலேயே வந்துவிட்டாள். "என்னாண்ணே, அதுக்குச் சளியா?"

விஷயம் கேள்விப்பட்டு நடராசா மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டகலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அவரும் வீட்டில் ஒரு பட்டறை வைத்திருந்தார். அதில் ஒரு புத்தகத் தட்டு ஆறு வருடமாக முடியும் தறுவாயில் இருந்தது. குடையை மடக்கி, கண்ணாடியைத் துடைத்து, அலுமாரியை நோயாளி போலத் தட்டிப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னனான் மைக்கல். வளியிலை இருக்கிற ஈரப்பதன் மரத்தின்ரை நார்களுக்குள்ளை போய்..."

"நார் இருக்கட்டும் சேர். இப்ப என்னா செய்யலாம்?"

"சீவ வேண்டியதுதான். ஒரு காசு கனம் சீவிவிடும். நீர்தானே எல்லாருக்கும் சொல்லுறனீர்?"

"சீவ மாட்டேன் சேர்."

"ஏன் காணும்?"

"இப்ப ஊதிக் கெடக்கையில சீவுனா, காஞ்ச ஒடனே பல்ல இளிச்சிரும். ஜனவரியில பாத்தா நடுவுல ஒரு வெரல் போகும். அசிங்கமா இருக்கும்."

தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்த பெற்றீசியா, மாஸ்டரின் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அலுமாரியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஜனவரியில யாரு பாக்கப் போறா?"

எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்த மாஸ்டர் தேத்தண்ணியை ஊதத் தொடங்கினார். மைக்கல் ரசமட்டத்தை எடுத்து அதன் குமிழியைப் பார்த்தார். அது நடுவில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் கோப்பையை வைத்து, "அப்ப நான் வாறன்" என்று, மழை விடக் காத்திராமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பிறகு மைக்கல் எழுந்து அலுமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தித் திருப்பினார். பின்பக்கம் அடித்திருந்த ஒட்டுப்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினார். சோடனையில்லாத முதுகு. அந்தப் பக்கத்துக்கு அவர் வார்னிஷ்கூட அடிக்கவில்லை. பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, தான் செய்த அலுமாரிக்குள் தானே ஏறி நின்றார்.

"நான் உள்ளேருந்து தள்ளுறேன். நீ வெளியில நின்னு இழு புள்ள."

அவள் முன்பக்கம் வந்து கைப்பிடிகளைப் பிடித்தாள். அவர் தள்ளவில்லை. உள்ளே புதிய மரத்தின் வாசமும் அரை இருட்டும் இருந்தன. கதவுகள் சேரும் இடத்தில் ஒரு நூல் வெளிச்சமும் இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார். முகம் தெரியாத இடத்தில் நின்றதால்தானோ என்னவோ, வாய் வந்தது.

"திரும்பப் போறியா?"

வெளியே கைப்பிடி ஒருமுறை கிலுங்கியது.

"மேடம் போன் பண்ணச் சொல்லியிருக்கு. இன்னும் பண்ணல."

"பண்ணுனா என்னா சொல்லுவ?"

"தெரியல." பிறகு அவளே சொன்னாள். "அங்க விடிஞ்சா பொழுது போனா கதவுதாங்க. தொறந்து தொடைக்கணும், மூடித் தொடைக்கணும். ஒன்னுகூட சிக்காது. ஒன்னுகூட என்னோடது இல்ல."

மரத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய மூச்சு கேட்டது. அவர் உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்தார். இந்தத் தருணத்துக்கென்று ஒரு யோசனை அவரிடம் இருந்திருக்க வேண்டும். சோப்புக்கும் ஆணிக்கும் தேயிலைத் தூளுக்கும் இருந்ததே.

"இது ஒன்னோடதுதான்" என்றார். "சிக்குது. அவ்வளவுதான்."

"தள்ளுங்க" என்றாள்.

தள்ளினார். அவள் இழுத்தாள். மரம் ஒரு முனகல் முனகி, பிடிவாதம் விட்டு, படீரென்று திறந்தது. கணக்கப்பிள்ளை கையில் சிக்கியதைப் பிடித்துக்கொண்டு வெளியே விழப் பார்த்தார். சிக்கியது அவளுடைய தோள். இருவரும் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ராக்காயியின் டீவி சட்டென்று சத்தம் குறைந்தது.

கதவுகளைக் கழற்றி முக்காலியின் மேல் கிடத்தி மைக்கல் சீவத் தொடங்கினார். சீவல்கள் சுருண்டு சுருண்டு காலடியில் விழுந்தன. பெற்றீசியா பக்கத்தில் குந்தி, அவற்றைப் பொறுக்கி, அடுப்பு மூட்ட ஆகும் என்று மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவே ஒன்றை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். ஒரு காசு கனம் எப்போதோ தாண்டிவிட்டது. கணக்கப்பிள்ளைக்கு அது தெரியும். ஆனால் சீவல் விழுகிற வரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரியும்.

கதவுகளை மாட்டியபோது நடுவில் தாராளமாக ஒரு விரல் போயிற்று. ஜனவரிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. லயத்துத் தரை வாசல் பக்கம் சரிவு. சாத்திய கதவு நிற்காமல், யாரோ கூப்பிட்டது போல மெல்ல மெல்லத் தானாகவே திறந்துகொண்டது.

மறுநாள் மலையிலிருந்து வந்து, ஈரக் கோட்டைக் கழற்றியபடி மைக்கல் பார்த்தார். சூட்கேஸ் கிடந்த வாங்கு காலியாக இருந்தது. அப்புறம் அலுமாரிக் கதவு தன்பாட்டில் திறந்து உள்ளே காட்டியது. கீழ்த் தட்டில் நீலச் சூட்கேஸ், சிப் மூடியபடி, முழுசாக உட்கார்ந்திருந்தது. மேலே கம்பியில் எதுவும் தொங்கவில்லை.

கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வாயெடுத்தார். அடுப்படியிலிருந்து பெற்றீசியா கொதிக்கும் கேத்தலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். கடந்து போகும்போது, அலுமாரியின் பக்கம் திரும்பாமலே, இடுப்பால் கதவை ஓர் இடி இடித்துச் சாத்திவிட்டுப் போனாள். அது மறுபடி மெல்லத் திறக்கத் தொடங்கியது.